பிள்ளைகளின் பேரில்

மாஸ்டரின் சாப்பாட்டுப் பெட்டியில் எப்போதும் இரண்டு பேருக்குப் போதுமான பாண் துண்டுகள் இருக்கும். நடுவில் இடித்த சம்பல். ஆசிரியர் ஓய்வறையில் மற்றவர்கள் சூப் பக்கெற்றுக்குச் சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கையில், அவர் பாதியை மெழுகுத்தாளில் வைத்து என் பக்கம் தள்ளுவார்.

"சாப்பிடும் தங்கச்சி. இவையின்ர சாப்பாட்டில ஆர் உயிரோட இருக்கிறது?"

இரண்டு வருடம் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அவரைப் பற்றி எழுதலாம் என்று இருந்தால் முதலில் அந்த உறைப்புத்தான் நாக்குக்கு வருகிறது. குமட்டல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

பெயர் சொல்ல மாட்டேன். பெயரைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிடக்கூடியவர்கள் இந்த லண்டனில் நூறு பேராவது இருப்பார்கள். அவர்களில் டொக்டர்கள் உண்டு, எஞ்சினியர்கள் உண்டு, என் சொந்த அக்காவும் உண்டு.

வடமேற்கு லண்டனில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் அது. எண்பத்துநான்கில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தபோது என்னிடம் ஒரு இரசாயனப் பட்டமும் ஒரு குளிர்ச் சட்டையும்தான் இருந்தன. கணவர் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்தார். மாஸ்டர் அந்தப் பள்ளியில் கணிதம் படிப்பிக்கத் தொடங்கி ஏற்கனவே பத்து வருடமாகியிருந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு எங்கள் அறைக்கு வந்தார். விண்ணப்பப் படிவத்தைத் தானே நிரப்பினார். பள்ளிகளை நிர்வகிக்கும் கவுன்சில் அலுவலகத்துக்குத் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். தற்காலிக ஆசிரியையாக வேலை கிடைத்தது. நன்றி சொன்னபோது கையைத் தட்டிவிட்டார்.

"உமக்காகச் செய்யேல்லை. எங்கட பிள்ளையளுக்கு எங்கட ஆள் ஒராள் வேணும். நான் எதையும் எனக்காகச் செய்யிறேல்லை."

இந்தக் கடைசி வசனத்தை அவர் நாளுக்கு நாலு தரமாவது சொல்வார். மழைக்குள் நின்று பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டாலும் அதைத்தான் சொல்வார், இன்னொருவரின் கதிரையை எடுத்துத் தன் வகுப்புக்குள் போட்டாலும் அதைத்தான் சொல்வார். சொல்லும்போது அவருடைய கண் மெல்லக் கலங்கும். நடிப்பென்று நான் நினைக்கவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திராது.

நல்ல ஆசிரியர். அதை மறைத்தால் நானும் பொய்காரியாவேன். எல்லோரும் கைவிட்ட வகுப்பை அவரிடம்தான் கொடுப்பார்கள். கதிரையைத் தூக்கி எறிகிற பிள்ளைகள் அவருக்கு முன்னால் அட்சரகணிதம் செய்யும். ஒரு பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் குரல் உயராது. அதே கணக்கை ஐந்து விதமாகச் சொல்லித் தருவார். எந்த வகுப்பிலும் எந்தப் பிள்ளையின் பெயரும் அவருக்குத் தெரியும்.

அந்த வருடங்களில் பள்ளிக்கூடம் ஒழுகிக்கொண்டிருந்தது. சும்மா சொல்லவில்லை. மேல்மாடி வகுப்புகளில் வாளி வைத்துத்தான் படிப்பித்தோம். பின் மைதானத்தில் போர்க்காலத்து மரக்கொட்டில்கள் இரண்டிலும் வகுப்பு நடந்தது. என் ஆய்வுகூடத்தில் பன்சன் அடுப்பு பன்னிரண்டில் ஐந்துதான் பற்றும். கணித வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம். நடுவில் இருக்கிற பிள்ளை வாசிக்கும், இரண்டு பக்கமும் இருக்கிறவை கழுத்தை நீட்டும். புதிதாக வந்த இளம் ஆசிரியர்கள் சம்பளம் போதாமல் பின்னேரங்களில் மதுக்கடையில் கிளாஸ் கழுவப் போனார்கள்.

கணிதப் பகுதிக்குத் தலைவி மொறீன். கரிபியத் தீவொன்றில் பிறந்து லண்டனில் வளர்ந்தவள். உயரமானவள், உரத்துச் சிரிப்பவள், மூடிமறைக்கத் தெரியாதவள். எங்கள் பள்ளியில் ஆசிரியர் சங்கத்தின் பிரதிநிதியும் அவள்தான். வேலைநிறுத்தம் தொடங்கியபோது ஓய்வறை மேசையில் ஏறி நின்று சொன்னாள்: "சம்பளம் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஆனால் அந்த வாளிகளையும் சேர்த்துக் கேளுங்கள்."

அரை நாள் நிறுத்தமா, முழு நாளா என்று வாக்கெடுப்பு வரும். ஆங்கில ஆசிரியர்கள் பலர் தயங்குவார்கள். நிறுத்தம் செய்யும் நாளுக்குச் சம்பளம் வெட்டப்படும், வீட்டுக் கடன் இருக்கும். மாஸ்டரின் கை முதலில் உயரும். எப்போதும் முழு நாளுக்கு. ஒருமுறை எழுந்து, "எங்கள் நாட்டில் உரிமை கேட்காமல் இருந்து என்ன ஆனோம் என்று எனக்குத் தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மொறீன் மேசையிலிருந்து இறங்கி வந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு ஒரே பெருமை. எங்கள் ஆள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்கு அவரோடு மனக்குறை. சங்கம், பள்ளி நேரத்துக்கு வெளியே வேலை செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தது. மாஸ்டரோ பின்னேரங்களில் பெரிய தோல்பையைத் தோள் சரியச் சரியத் தூக்கிக்கொண்டு காருக்குப் போவார்.

"திரும்பவும் வீட்டுக்குக் கொப்பி திருத்தக் கொண்டுபோகிறீர்களா?" என்று மொறீன் சத்தம் போடுவாள்.

"பிள்ளைகளுக்காக, மொறீன்," என்று சிரிப்பார்.

அவள் தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் சொல்வாள்: "இந்த மனிதர் ஒரு முனிவர். முனிவர்களை வைத்துக்கொண்டு சங்கம் நடத்த முடியாது."

எண்பத்தாறு பெப்ரவரியில் ஒரு முழு நாள் நிறுத்தம். பனி உறைந்து கிடந்தது. வாசலில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாஸ்டரும் வந்திருந்தார், தொப்பி, கம்பளிக் கழுத்துத்துணி எல்லாம் போட்டுக்கொண்டு. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் வந்தபோது முன்வரிசையில் நின்றார். படம் எடுத்து முடிந்த கையோடு முழங்காலைத் தடவினார்.

"மொறீன், குளிர் எனக்கு ஒத்துவராது. வாதம்."

"போங்கள், போங்கள்," என்றாள் அவள். தன் பிளாஸ்கிலிருந்த கோப்பியை வேறு ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

அன்றைக்கு மத்தியானம் என் அக்கா தொலைபேசி எடுத்தாள். அவள் மகள் சுபா எங்கள் பள்ளியில்தான் ஓ லெவல் சோதனைக்குப் படித்தாள். "நீ சும்மாதானே நிக்கிறாய். எனக்கு ஓவர்டைம். சுபாவை மாஸ்டர் வீட்டில இருந்து கூட்டிக்கொண்டு வாறியே?"

"மாஸ்டர் வீட்டிலயோ? அங்க என்ன?"

"உனக்குத் தெரியாதே? ஸ்ட்ரைக் நாளில அங்கதானே வகுப்பு."

கிங்ஸ்பரியில் அவர் வீடு. வாசலுக்குள் கால் வைக்க இடமில்லாமல் பிள்ளைகளின் சப்பாத்துகள். அவர் மனைவி குசினி வாசலில் பிஸ்கட் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கொண்டுவந்த, காசு வைத்த கடித உறைகளை அதற்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூடியைப் போட்டார்.

முன்னறையில் இருபதுக்கு மேல் பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகள், குஜராத்திப் பிள்ளைகள். காலையில் நாங்கள் வாசலில் நின்று திருப்பி அனுப்பிய அதே பிள்ளைகள். மாஸ்டர் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். முழங்கால் வாதம் ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் நான் பார்த்துக்கொண்டு நின்றது அவரை அல்ல. ஒவ்வொரு பிள்ளையின் மடியிலும் ஒரு புத்தகம். ஒரு பிள்ளைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மண்ணிறத் தாள் உறை போட்டிருந்தது. சுபாவின் புத்தகத்தில் உறை கழன்றிருந்தது. வாங்கித் திறந்தேன். உள்பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தின் முத்திரை.

அந்தத் தோல்பையின் பாரம் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சமும் தடுமாறவில்லை. "வாரும் தங்கச்சி," என்றார். "பாத்தீரே, எங்கட பிள்ளையள் ஒரு நாளும் வீணாக்கேல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

தேத்தண்ணி குடித்தேன். ஏன் குடித்தேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதன் பிறகு ஓய்வறையில் அவர் கை உயர்வதைப் பார்க்க எனக்கு ஏலாமல் போனது. முழு நாள், முழு நாள் என்று அவர் கேட்டதெல்லாம் என்னத்துக்கு? சங்கத்தை நம்பிச் சம்பளத்தை இழந்தவர்களோடு சேர்ந்து கை தூக்கிவிட்டு, அவர்கள் வெறுமையாக்கிய வகுப்பைத் தன் முன்னறையில் நிரப்பிக்கொண்டார். பாண்துண்டைத் தள்ளினால், "வயிறு சரியில்லை" என்று சொல்லத் தொடங்கினேன். அவர் அடுத்த நாள் ஓமவாட்டர் போத்தல் கொண்டுவந்தார்.

மார்ச்சில் பெற்றோர் சிலர், புத்தகம் இல்லை என்று தலைமை ஆசிரியரிடம் முறைப்பாடு செய்தார்கள். களஞ்சிய அறையைக் கணக்கெடுத்தார்கள். ஒரு வகுப்புக்கும் மேலான புத்தகங்களைக் காணவில்லை. களஞ்சியத்துக்குப் பொறுப்பு மொறீன். அதன் பூட்டுக்குத் திறப்பு இரண்டு, ஒன்று அவளிடம், மற்றது மாஸ்டரிடம். மாஸ்டரை யாரும் கேட்கவில்லை. தலைமை ஆசிரியருக்கு அவளை மடக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, அது தானாகக் கிடைத்தது. பள்ளிக்குப் பணமில்லை என்று தெருவில் நின்று கத்துகிறவள், இருந்த புத்தகங்களையே தொலைத்துவிட்டாள் என்று கதை கட்டினார்கள். விற்றிருப்பாள் என்றும் ஒரு கதை உலாவியது.

ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தபோது மாஸ்டர் எழுந்தார். உண்மையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மொறீன் நல்லவள்," என்றார், அந்த இளகின குரலில். "வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். சங்க வேலை அவளுக்கு அதிகம். கவனம் தவறுவது மனித இயல்பு. நாம் அவளை மன்னிக்க வேண்டும்."

பலர் தலையாட்டினார்கள். மொறீன் அவரை நன்றியோடு பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கண்டேன். கண்டுவிட்டும் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

பின்னேரம் கார் நிற்கும் இடத்தில் அவரை மறித்தேன்.

"மாஸ்டர், புத்தகங்களைத் திருப்பிக் குடுங்கோ. அந்த மனுசி அநியாயமா அழியுது."

"குடுக்கத்தானே போறன்," என்றார். "இப்ப எடுத்தா பிள்ளையள் என்ன செய்யிறது? சோதனைக்கு இன்னும் எத்தினை கிழமை? உம்மட சுபாவும்தான். யோசிச்சுப் பாரும். ஜூன் முடியட்டும்."

"அதுக்குள்ள அவவின்ர வேலை போயிடுமே."

"அவ கெட்டிக்காரி. வேற வேலை எடுப்பா. இந்தப் பிள்ளையளுக்கு வேற சோதனை வருமே?" கார்க் கதவைத் திறந்தார். பிறகு ஞாபகம் வந்தவர்போல, "உம்மட தற்காலிக வேலையைப் பற்றியும் நான் தலைமை ஆசிரியரோட கதைச்சிருக்கிறன். அடுத்த வருசத்துக்கும் நீடிப்பினம். கவலைப்படாதையும்."

மிரட்டினாரா, உதவினாரா? அவருக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது. நான் ஜூன் மட்டும் பொறுத்தேன். சுபாவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய வசனம் எனக்கும் ஒட்டிவிட்டது.

ஜூலையில் மொறீன் விலகினாள். விலகினால் வேலைப் பதிவில் ஒன்றும் எழுத மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். பிரியாவிடைக்கு மாஸ்டர் வீட்டிலிருந்து கேக் கொண்டுவந்தார். செப்டெம்பரில் கணிதப் பகுதிக்கு அவரே தலைவர். முதல் வாரமே மரக்கொட்டிலுக்குள் உடைந்த மேசைகளுக்குப் பின்னால் காணாமல்போன புத்தகங்களைக் 'கண்டுபிடித்தார்'. ஒவ்வொன்றும் தூசி துடைத்துப் பெட்டியில் அடுக்கியிருந்தது. மண்ணிற உறைகள் இல்லை. கூட்டத்தில் தலைமை ஆசிரியர் அவரைப் பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கைகளும் இரண்டு தரம் தட்டின. மூன்றாவது தரம் தட்ட முடியவில்லை. எழுந்து கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். மொறீன் தாயோடு அங்கே இருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"உனக்கு எப்போது தெரியும்?"

"பெப்ரவரியில்."

"என்னை விசாரித்தது மார்ச்சில்."

"ஓம்," என்று தமிழில் வாயில் வந்தது.

அவள் எழுந்து போய் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். "எழுது. கையெழுத்துப் போடு. நானே கவுன்சிலுக்கு அனுப்புகிறேன். மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம்."

எழுதினேன். என் வாழ்க்கையில் நேராகச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும், அதுவும் ஏழு மாதம் பிந்தி.

கவுன்சில் விசாரித்தது. மாஸ்டர் தனியாகப் போகவில்லை. பதினைந்து பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போனார். சீலை கட்டிய தாய்மார், வேலை சீருடையோடு வந்த தகப்பன்மார். அகதியாக வந்த எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் தெருவில் விட்டபோது இந்த மனிதர்தான் தன் வீட்டைத் திறந்தார் என்று அழுதார்கள். அவரும் அழுதார். அந்தப் பதினைந்து பேரில் என் அக்காவும் ஒருத்தி. சுபாவுக்குக் கணக்கில் ஏ வந்திருந்தது.

விசாரணை முடிந்து வந்த அன்று அக்கா என் வீட்டு வாசலிலேயே நின்று கேட்டாள். உள்ளே வரவில்லை.

"அந்தக் கறுப்புக் காப்பிலிக்காக எங்கட மனுசனைக் காட்டிக் குடுத்தனியே?"

"அக்கா, அப்பிடிச் சொல்லாதை. அது பள்ளிக்கூடத்துப் புத்தகம். மற்றப் பிள்ளையள் மூண்டு பேர் ஒண்டை வைச்சுப் படிச்சதுகள்."

"மற்றப் பிள்ளையள் எனக்கென்ன? உனக்குப் பிள்ளை இருந்தா இந்தக் கதை கதைக்க மாட்டாய்."

அதற்குப் பிறகு நாலு வருடம் அவள் என்னோடு பேசவில்லை.

நடைமுறைத் தவறு என்று தீர்த்தார்கள். மாஸ்டருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். பதவி அப்படியே இருந்தது. மொறீனுக்கு இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம். எனக்கு ஈஸ்டரோடு வேலை முடிந்தது. பணப் பற்றாக்குறை என்றார்கள். அதை மறுக்கவும் முடியாது. வாளிகள் அப்போதும் மேல்மாடியில்தான் இருந்தன. சம்பளத் தகராறையும் அரசாங்கம் தன் இஷ்டத்துக்குச் சட்டம் போட்டு முடித்துவைத்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். கையில் மாம்பழப் பெட்டி. கணவர் கதவைத் திறந்துவிட்டார். மாஸ்டர் தானே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"உம்மில எனக்கு ஒரு கோவமும் இல்லை," என்றார். "நான் அண்டைக்கே மன்னிச்சிட்டன்."

மாம்பழப் பெட்டியை என் கணவரிடம் நீட்டினார்.

"சங்கம் அவசரப்பட்டு விட்டுக் குடுத்திட்டுது. இன்னும் ஒரு வருசம் தாக்குப் பிடிச்சிருக்கலாம்." உண்மையாகவே கவலையோடு தலையை ஆட்டினார். "சரி, அதை விடும். நான் இப்ப சனிக்கிழமையில ஒழுங்கான வகுப்பு நடத்திறன். சயன்ஸுக்கு ஆள் இல்லை. உம்மைப்போல ஆர் படிப்பிக்கப் போயினம்? வாரும்."

வெளியே போங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த மாதம் கணவரின் பெற்றோல் நிலையம் கைமாறி ஷிப்டுகள் பாதியாகியிருந்தன. வேறு மூன்று பள்ளிகளுக்கு எழுதியிருந்தேன், ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. மாஸ்டர் என் கணவரைப் பார்த்தார், கணவர் என்னைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கிங்ஸ்பரியில் நின்றேன்.

நாலு வருடம் போனேன். மரியாதையாகத்தான் நடத்தினார். பாடத்துக்கிடையில் தானே தேத்தண்ணி கொண்டுவந்து தருவார். புதுப் பெற்றோரிடம் என்னை அறிமுகம் செய்யும்போது, "இவவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில போராடினனாங்கள்" என்பார். நான் சிரிப்பேன். பல்லைக் காட்டுவது என்று அதற்குச் சரியான பெயர்.

தொண்ணூறுகள் தொடங்கிய பிறகு ஒருநாள் வால்தம்ஸ்டோ போகும் பஸ்ஸில் மொறீனைக் கண்டேன். தலைமயிர் நரைத்திருந்தது. அவளே வந்து பக்கத்தில் இருந்தாள். அந்தக் கடிதத்தை எழுதியதற்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன் என்றாள். இப்போது எங்கே படிப்பிக்கிறாய் என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னேன், யாருடைய வீட்டில் என்று.

அவள் எழுந்து மணியை அழுத்தினாள். அடுத்த தரிப்பு வரும்வரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவடியில் நின்றாள். பிறகு இறங்கிப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை மாஸ்டர் தேத்தண்ணியோடு வந்தபோது, ஏனோ அதை அவரிடம் சொன்னேன். அவருக்குக் குத்த வேண்டும் என்று நினைத்திருப்பேன். கவனமாகக் கேட்டார். கண் கலங்கியது.

"பாவம் மொறீன்," என்றார். "எவ்வளவு நல்ல ரீச்சர். இப்ப என்ன செய்யிறாவாம்? எனக்கும் வயசு போகுது, கணக்குக்கு ஒராள் தேவை. ஒருக்கா கேட்டுப் பாருமன்."

பகிடி விடவில்லை. பிள்ளைகளுக்கு நல்லது என்றுதான் சொன்னார்.

கோப்பையை வைத்துவிட்டு என் கைப்பையை எடுத்தேன். இனி வரமாட்டேன் என்றேன். அவர் எனக்குப் பின்னால் நடையோடையால் வாசல் வரைக்கும் வந்தார். வகுப்பிலிருந்த பிள்ளைகள் எழுத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன.

"ஏன் தங்கச்சி? நான் என்ன பிழையாச் சொன்னனான்? சொல்லும்."

சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது? பெப்ரவரியில் தொடங்கினால் நான் குடித்த தேத்தண்ணியையும் சொல்ல வேண்டும். அத்தனை பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் குனிந்து சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, அவர் முகத்தைப் பாராமல் இறங்கினேன்.